வரவேற்பு யாருக்கு? பரிசுத்தம் யாருக்கு?

திருவரங்குளம் பக்கத்து இயக்கத் தோழர்கள் சிலர் நம்மை ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். "அரங்குளநாதர் கோயிலைப் பற்றியும், தேரைப் பற்றியும், அர்ச்சகரைப் பற்றியும் ஓயாமல் பேசுகிறீர்களே, மாதா கோயில்களைப் பற்றி மட்டும் ஏன் அதிகம் பேசுவதில்லை? 'வருத்தப்படுகிறவர்கள் எல்லோரும் வரலாம்' என்று அங்கே பிரசங்கம் செய்கிறார்கள். உள்ளே போனால் ஜாதி முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறதே!" என்பதுதான் அக்கேள்வி.

கேள்வி நியாயமானது. நமக்கு எந்த மதத்தோடும் உறவு கிடையாது. எந்த மதத்தின்மேலும் தனிப்பட்ட பகையும் கிடையாது. மனிதனை மனிதன் தாழ்த்துவதற்கு எது துணை நின்றாலும் அதைக் கண்டிப்பதுதான் நமது வேலை. அது சமஸ்கிருதத்தில் தாழ்த்தினாலும் ஒன்றுதான், லத்தீனில் தாழ்த்தினாலும் ஒன்றுதான்.

கிறிஸ்தவ சபையாருக்குள் வெகு நாளாக ஒரு விவாதம் நடந்து வருகிறது. ஒரு சாரார், "சபை என்பது எல்லோரையும் இருந்த கோலத்திலேயே வரவேற்க வேண்டும், வந்தபின் மெள்ளத் திருத்திக் கொள்ளலாம்" என்கிறார்கள். மற்றொரு சாரார், "பரிசுத்தமாக வாழ ஒப்புக்கொள்ளாதவனைச் சேர்த்தால் சபையே கெட்டுப்போகும்" என்கிறார்கள். இரண்டையும் சரிசமமாக நிறுத்த வேண்டும் என்று சொல்லும் நடுநிலைக்காரர்களும் உண்டு. கேட்பதற்கு இது பெரிய தத்துவ விசாரம் போலத் தோன்றும். ஆனால் நம் தமிழ்நாட்டில் இந்தத் தராசு எப்படிப் பிடிக்கப்பட்டது என்று பார்த்தால் உண்மை வெளியாகிவிடும். மேல்ஜாதிக்காரன் வந்தபோது வரவேற்புத் தட்டை இறக்கினார்கள். ஏழை ஆதிதிராவிடன் வந்தபோது பரிசுத்தத் தட்டை இறக்கினார்கள். இதுதான் நாம் சொல்ல வந்த சங்கதி.

சேரியிலிருந்து ஒருவன் ஞானஸ்நானம் கேட்டு வந்தால் அவனிடம் என்னென்ன கேட்டார்கள்? கள் குடிப்பதை விடு, சாவு மேளம் அடிப்பதை விடு, குலதெய்வத்துக்குப் பொங்கலிடுவதை விடு, விபூதியை அழி, இரண்டு பெண்டாட்டி இருந்தால் ஒருத்தியை விலக்கு. இவைகளில் சில நல்ல காரியங்கள்தான். நாமும் கள்ளுக்கடை மறியல் செய்தவர்கள்தான். ஆனால் அவன் அவ்வளவையும் விட்டுவிட்டு வந்து கோயிலுக்குள் நுழைந்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவனிடம் "உன் ஜாதியை விடு" என்று கேட்டார்களா? "அது உலக ஆசாரம், அதில் மதத்துக்குச் சம்பந்தமில்லை" என்று பெரும்பாலும் சமாதானம் சொன்னார்கள். பறை அடிப்பதும் உலக ஆசாரம், குலப்பெருமை அடிப்பதும் உலக ஆசாரம். முதலாவது பாவமாம், இரண்டாவது வழக்கமாம்! இதென்ன நியாயம்?

சரித்திரத்தைப் பார்ப்போம். 1606-ல் மதுரைக்கு வந்த நொபிலி பாதிரியார் காவி கட்டி, பூணூலும் குடுமியும் சந்தனமும் கிறிஸ்தவனுக்கு ஆகும் என்று வாதாடினார். 1623-ல் ரோமாபுரிப் பாப்பரசரும் அதற்குச் சம்மதம் கொடுத்தார். அதனால் விளைந்தது என்ன? மேல்ஜாதியாருக்கு ஒருவித சந்நியாசிப் பாதிரியார், கீழே தள்ளப்பட்டவர்களுக்கு வேறுவிதப் பண்டாரப் பாதிரியார் என்று குருமாரிலேயே இரண்டு வகுப்பு ஏற்பட்டது. ஆதிதிராவிட நோயாளியின் குடிசைக்குள் போய்ச் சாகும் தறுவாயில் மந்திரம் சொல்வதற்கும் பாதிரியார் தயங்கினார் என்று வழக்கு எழுந்து, 1704-ல் டூர்னோன் என்ற பாப்பரசரின் தூதர் வந்து, குடிசைக்குள் போகத்தான் வேண்டும் என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. அதன்பின்னும் நாற்பது வருஷம் இழுபறி. கடைசியில் 1744-ல் செய்த ஏற்பாடு என்ன? ஆதிதிராவிடர்களுக்கென்று தனிப் பாதிரிமார்! வியாதியைத் தீர்க்கச் சொன்னால் வியாதிக்குத் தனி அறை கட்டிக் கொடுத்தார்கள்.

நம் புதுக்கோட்டைச் சீமையில் ஆவூர் என்று ஓர் ஊர் உண்டு. 1697-ல் பூஷே பாதிரியார் கோயில் கட்டிய பழைய ஸ்தலம் அது. இந்த மதுரை மிஷனுடைய வேரில் கிளைத்ததுதான் அதுவும். ஆகவே இது எங்கோ தூரதேசத்துக் கதை என்று திருவரங்குளத்தார் எண்ணவேண்டாம்.

கத்தோலிக்கர் மட்டும்தானோ என்றால் அதுவுமில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயர் அச்சுக்கூடம் வைத்தார், பள்ளிக்கூடம் வைத்தார், தமிழில் வேதத்தை அச்சிட்டார். அந்த உபகாரங்களை நாம் மறைக்கவில்லை. நம் ஜனங்கள் எழுத்தறிந்ததில் பாதிரிமாருக்குப் பங்குண்டு. ஆனால் அதே சபையில் இராஜநாயக்கன் என்ற உபதேசியாருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். தஞ்சாவூர் ராஜாவின் படையில் சேவகராயிருந்தவர். பறையர் குலத்தில் பிறந்தவர். வேதத்தைத் தாமே படித்துச் சபைக்கு வந்தவர். பல வருஷம் ஊர் ஊராய் அலைந்து உபதேசம் செய்தவர். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று யோசித்தார்கள். "அவர் கையால் இராப்போஜனம் வாங்க மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள்" என்ற தயக்கம் வந்தது. 1741-ல் பட்டம் வேறொருவருக்குப் போயிற்று. இராஜநாயக்கனிடத்தில் என்ன பரிசுத்தக் குறைவு கண்டார்கள்? ஒன்றுமில்லை. அவர் கையால் வாங்க மறுத்தவனிடத்தில்தான் குறைவிருந்தது. ஆனால் தண்டனை யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள்!

கண்டிப்புக் காட்டியவர்கள் ஒருவருமே இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. 1745-ல் புதுச்சேரி சம்பாக் கோயிலுக்குள் ஆதிதிராவிடர்களைப் பிரித்து வைத்த சுவரை, அவர்களே முறையிட்டு இடிக்கச் செய்ததை ஆனந்தரங்கம் பிள்ளை தம் தினசரியில் எழுதி வைத்திருக்கிறார். 1833-ல் கல்கத்தா பிஷப்பு டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வித்தியாசம் இனி ஒரு நாளும் கூடாது, உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். என்ன நடந்தது? வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டங்கூட்டமாகக் கோயிலை விட்டு வெளியேறினார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், கிறிஸ்துவின்மேல் அத்தனை கீர்த்தனைகள் பாடிய பெரிய கவிராயர், அவரும் ஜாதி ஆசாரத்துக்குப் பரிந்துதான் எழுதினார். வெளியேறினவர்களில் பலரைப் பின்னால் ஜாதி விஷயத்தில் தாராளங் காட்டிய லுத்தரன் மிஷன் கையை நீட்டிச் சேர்த்துக் கொண்டது. இதற்குப் பெயர் வரவேற்பாம்! பிஷப்பு ஒருவர் பரிசுத்தம் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் 'இங்கே அதெல்லாம் கேட்க மாட்டோம், வாருங்கள்' என்று கதவைத் திறந்தார். கடைக்காரர்கள் வாடிக்கையைப் பிடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, ஜனங்கள் உட்காரும் மண்டபம் இரண்டு, நடுவே சுவர். கால்சட்டையைப் போல் இரண்டு கால் விட்ட கோயில். 1910-ல் கௌசானல் பாதிரியார் அந்தச் சுவரை இடித்தார். உடனே வழக்கு! தனியிடம் எங்கள் உரிமை என்று சென்னை ஹைகோர்ட் வரையில் போனார்கள். கோர்ட்டு அப்படி உரிமை ஏதும் கிடையாது என்று சொல்லிவிட்டது. கோயிலுக்குள் எல்லோரும் சமம் என்பதைக் கிறிஸ்தவனுக்கு வேதம் சொல்லிப் புரியவில்லை. வக்கீல் வைத்துத் தோற்றபின்தான் புரிந்தது!

இதெல்லாம் பழங்கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். மாறினது எது? 2008 மார்ச்சு 9-ல், அப்போது விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த எறையூரில், ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்களுக்குள் ஜாதிச் சண்டை மூண்டு, போலீசார் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். தாழ்த்தப்பட்டவர்கள் கேட்டதென்ன? கோயிலிலும் தெருவிலும் சாவிலும் சம மரியாதை. அது கிடைக்காதென்றால் தங்களுக்குத் தனிப் பங்கு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர் எழுப்பியிருந்ததை நாடே அறியும். உயிரோடிருக்கும்போது தீட்டு என்றால் ஏதோ மூடத்தனம் என்று விடலாம். மண்ணுக்குள் எலும்பு எலும்பைத் தொட்டால் என்ன தீட்டு? நியாயத்தீர்ப்பு நாளில் எக்காளம் ஊதும்போது இவர்கள் எந்தப் பக்கத்துச் சுவரேறிக் குதிப்பார்களோ நாமறியோம். திருச்சி ஜில்லா கோட்டப்பாளையத்துத் தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர்கள், தங்களைக் கோயில் காரியங்களில் ஒதுக்குகிறார்கள் என்று தொடுத்த வழக்கு 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிருக்கிறது. இந்தியக் கத்தோலிக்க மேற்றிராணிமார்களே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், சபைக்குள் தீண்டாமை இருக்கிறதென்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டதை மெச்சுகிறோம். ஒப்புக்கொண்டால் மட்டும் போதுமா? பாவசங்கீர்த்தனம் செய்தவன் அதே பாவத்தை மறுநாளும் செய்தால் எந்தப் பாதிரியார் ஒப்புவார்?

"கண்டிப்புக் காட்டினால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள்" என்பது அவர்களுடைய கடைசி வாதம். ஓடுகிறவன் யார் என்று கேட்கிறோம். மேல்ஜாதிக்காரன் கோபித்துக்கொண்டு ஒருநாள் வெளியேறினால் அதைச் சபையின் நஷ்டம் என்று கணக்கெழுதுகிறார்கள். அவமானம் தாங்காமல் ஆதிதிராவிடன் ஒவ்வொருவனாகச் சத்தமில்லாமல் வெளியேறுவதை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? முன்னவனுக்கு நானூறு வருஷம் பொறுமை. பின்னவனுக்கு ஒரு நாளும் தவணை இல்லை. இந்தப் பொறுமைக்குப் பெயர் அன்பல்ல, பயம். பணக்காரனுடைய காணிக்கை குறையும் என்ற பயம்.

அவர்களுடைய ஏசுவின் கதைப்படியே பேசுவோம். அவர் ஆயக்காரர்களோடும், ஊரார் பாவிகள் என்று ஒதுக்கினவர்களோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்கிறார்கள். அதற்காகத்தான் அக்காலத்துச் சுத்தக்காரர்கள் அவர்மேல் கோபங்கொண்டார்களாம். அப்படியானால் அவர் காட்டிய வரவேற்பும் பந்திதான், பரிசுத்தமும் பந்திதான், இரண்டும் வேறல்ல. கூட உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறவன் வரவேற்பையும் மறுக்கிறான், பரிசுத்தத்தையும் மறுக்கிறான். பிறகு எதைத் தராசில் நிறுத்துவது?

நிற்க. இதைப் படித்துவிட்டு வருணாசிரமக்காரர்கள் கைதட்ட வேண்டாம். ஜாதி என்ற சரக்கு மாதா கோயிலில் விளைந்ததல்ல. உங்கள் வீட்டிலிருந்து போன சீதனம். அதே புதுக்கோட்டை ஜில்லாவில் 2022 டிசம்பரில் வேங்கைவயல் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்ததை உலகம் பார்த்தது. அப்படிப்பட்ட கொடுமைக்குத் தப்பத்தான் அவன் ஞானஸ்நானம் தேடிப் போனான். போன இடத்திலும் அதே ஜாதி அவனுக்கு முன்னால் போய்ப் பாய் விரித்திருந்தது. சர்க்காரும் தன் பங்குக்கு, 1950-ஆம் வருஷத்து உத்தரவின் மூலம், கிறிஸ்தவனான ஆதிதிராவிடனுக்குத் தாழ்த்தப்பட்டோர் சலுகை இல்லை என்று தள்ளிவிட்டது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் திருத்தம் செய்தார்கள், கிறிஸ்தவனுக்குச் செய்யவில்லை. சர்க்கார், "உன் மதத்தில் ஜாதி இல்லை, ஆகவே சலுகை இல்லை" என்கிறது. சபையோ, "உனக்கு ஜாதி உண்டு, ஆகவே சமத்துவம் இல்லை" என்கிறது. இரண்டு பக்கமும் அடிபடுகிற மத்தளம் அவன். டில்லிக்கு மனுப்போடும் மேற்றிராணிமார்கள் நியாயமான காரியத்துக்குத்தான் மனுப்போடுகிறார்கள். ஆனால் அந்த மனுவைக் கொண்டுபோகும் முன் தங்கள் கல்லறைத் தோட்டத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஆகவே நாம் சொல்வது இது. பாதிரிமார்களே! உங்கள் பரிசுத்தத்தில் எமக்கு நம்பிக்கையில்லை. பரிசுத்தமும் தீட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதே எம் கருத்து. உங்களுக்கு நம்பிக்கை உண்டென்றால் அதை மேலேயிருந்து ஆரம்பியுங்கள். குடிக்கிறவனுக்கு நற்கருணை இல்லையென்று சொல்லத் தெரிந்த நீங்கள், தனியிடமும் தனிக் கல்லறையும் கேட்கிறவனுக்கு நற்கருணை இல்லையென்று ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிப் பாருங்கள். தேர் சேரித் தெருவுக்குள் போகாதென்றால் தேரே வேண்டாமென்று நிறுத்துங்கள். கோயில் காலியானால் ஆகட்டும். ஜாதியால் நிறைந்த கோயிலைவிடக் காலியான கோயில் யோக்கியமானது.

தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவத் தோழர்களே! வரவேற்பு என்பது பிறர் கொடுக்கும் பிச்சையல்ல. பின்வரிசையில் நின்றுகொண்டு பிரார்த்தனை செய்தால் முன்வரிசை நகராது. முன்னால் போய் உட்காருங்கள். மரியாதை இல்லாத இடத்தில் காணிக்கைத் தட்டு வந்தால் கையை மடக்கிக் கொள்ளுங்கள்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1929 செங்கற்பட்டு மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விடுவதென்று தீர்மானித்தோம். பெயரின் வாலை வெட்டியவர்கள் எத்தனை பேர் பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும் ஜாதியை வெட்டினார்கள்? மேடையில் எல்லோரையும் வரவேற்றுவிட்டு வீட்டுப் பந்தியில் இலையை மாற்றிப் போடுகிறவன் கறுப்புச் சட்டை போட்டாலென்ன, வெள்ளை அங்கி போட்டாலென்ன? யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய், யார் வீட்டில் சம்பந்தம் செய்கிறாய், யார் பக்கத்தில் புதைபடச் சம்மதிக்கிறாய் என்ற இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டுப் பிறகு மதம் பேசட்டும், பகுத்தறிவும் பேசட்டும்.