கம்பஸ் பட்டியலைக் கொமியூனிகேஷன் அண்ணையிட்டக் குடுக்காதேங்கோ

ஏ.எல். ரிசல்ட் வந்து கொஞ்ச நாளில் ஊருக்கு ஊர் ஒரே காட்சிதான். கொமியூனிகேஷன் கடை வாசலில் பிள்ளைகள் வரிசையில் நிப்பாங்கள். கையில் அடையாள அட்டை, ரிசல்ட் ஷீட், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல். கைநூல் பெரும்பாலும் பிரிக்கப்பட்டிருக்காது. உள்ளே கணினிக்கு முன்னால் இருக்கிற அண்ணை கேட்பார்: "தம்பி, என்ன போடுறது?" தம்பி சொல்லுவான்: "போன முறை மேத்ஸ் பிள்ளையளுக்குப் போட்டதையே போடுங்கோ அண்ணை."

நாலு வருசத்தை எங்கே, எதைப் படித்துக் கழிக்கப் போகிறோம் என்ற முடிவு இருபது நிமிசத்தில், வேறொருவரின் பட்டியலைப் பிரதி எடுத்து முடிந்துவிடுகிறது. ரியூசனுக்கு இரண்டரை வருசம் ஓடின நாங்கள், கம்பஸ் தெரிவுக்கு இரண்டு பின்னேரம் ஒதுக்குவதில்லை. எங்களில் பலர் இதே பிழையை விட்டவர்கள். அதனால்தான் எழுதுகிறோம்.

எங்கள் குழுவில் ஹட்டன் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். வர்த்தகப் பிரிவு. "அண்ணே, எது கெடைக்குமோ அத மொதல்ல போட்டுடுங்க" என்று கடையில் சொல்லியிருக்கிறாள். அவரும் வெட்டுப்புள்ளி குறைந்த பாடநெறிகளை மேலேயும், அவள் உண்மையில் விரும்பிய முகாமைத்துவத்தைக் கீழேயும் போட்டார். முதலாவதாகப் போட்டதே கிடைத்தது. பிறகு வெட்டுப்புள்ளிகளை எடுத்துப் பார்த்தால், அவளுடைய புள்ளிக்கு முகாமைத்துவமும் கிடைத்திருக்கும். கிடைத்த பாடம் பிடிக்காமல் அவள் போகவில்லை. அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போய், கட்டணம் கட்டிப் படிக்கிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். நகை இன்னும் திரும்பவில்லை.

கடைக்கார அண்ணையில் பிழை சொல்ல நாங்கள் வரவில்லை. அவர் தட்டச்சு செய்பவர். பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் பிரச்சினை. அதனால் அதை முதலில் பார்ப்போம்.

அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது. அநேகமான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பிரிக்கப்படுகின்றன. ஆகவே கொழும்பில் இருக்கிற மச்சானுக்கு ஒரு பாடநெறி கிடைக்கவில்லை என்பதற்காக முல்லைத்தீவில் அல்லது நுவரெலியாவில் இருக்கிற உங்களுக்கும் கிடைக்காது என்றில்லை. உங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். கலைத்துறையில் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலும் அகில இலங்கைத் திறமைதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். உங்கள் புள்ளிக்கு எட்டுகிற முதலாவது பாடநெறி உங்களுக்கு வரும். மேலே ஒரு பெரிய ஆசையைப் போட்டு அது எட்டாமல் போனால் கீழே உள்ளவற்றில் உங்கள் வாய்ப்பு குறையாது. ஆனால் எட்டக்கூடிய சின்ன விருப்பத்தை மேலே போட்டால், அதற்குக் கீழே உள்ள பெரிய விருப்பத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டுமே தவிர, கிடைக்கும் ஒழுங்கில் அல்ல. தங்கச்சிக்கு இந்த ஒரு விசயம் தெரிந்திருந்தால் அந்தச் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

சரி, விருப்ப ஒழுங்கு என்றால் எதை வைத்து? இங்கேதான் "நல்ல கம்பஸ்" என்ற கதை வருகிறது. எங்கள் வீடுகளில் நல்ல கம்பஸ் என்றால் பேர்தான். கொழும்பு, மொறட்டுவ, பேராதனை. பிறகு யாழ்ப்பாணம். கிழக்கு, தென்கிழக்கு, வவுனியா, ஊவா வெல்லஸ்ஸ எல்லாம் "கிடைக்காட்டிப் பாப்பம்" வரிசை. இந்த வரிசை எப்ப போட்டது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. சித்த மருத்துவம் படிக்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துக்கோ திருகோணமலைக்கோதான் வரவேண்டும். பேர் பெரிய பல்கலைக்கழகத்தில் பிடிக்காத பாடநெறியா, பேர் சிறிய இடத்தில் பிடித்த பாடநெறியா என்றால் இரண்டாவதுதான் சரி என்பது எங்கள் கருத்து. வேலைக்குப் போகும்போது நீங்கள் என்ன செய்யத் தெரிந்தவர் என்று கேட்பார்கள். ஊர்ப்பேர் முதல் நேர்முகத் தேர்வு வரைக்கும்தான் வரும்.

பிறகு காசு. எங்கள் அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரிப் பட்டத்துக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. கன்னங்கரா 1940களில் போட்ட அடித்தளம் எண்பது வருசம் கழித்தும் எங்களைத் தாங்குகிறது. அது பெரிய விசயம்தான். ஆனால் "இலவசம்" என்ற சொல்லைக் கேட்டு மிச்சக் கணக்கை நாங்கள் பார்ப்பதே இல்லை.

மட்டக்களப்பிலிருந்து தூரத்துக் கம்பஸ் ஒன்றுக்குப் போன எங்கள் நண்பன் ஒருவன் கணக்குக் கொப்பி வைத்திருந்தான். ஒரு மாதத்துக்குப் போர்டிங் 9,000. சாப்பாடு 18,000. பஸ்ஸும் வீட்டுக்குப் போய்வருவதும் 3,500. போட்டோகொப்பி, டேட்டா 2,500. மொத்தம் 33,000 ரூபா. வருசத்தில் பத்து மாதம் அங்கே இருந்தால் 3,30,000. மகாபொல கைகொடுக்கும்தான். அதை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்குவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னார்கள். 7,500 படி பத்து மாதம் கிடைத்தாலும் 75,000. மிச்சம் 2,55,000 வீட்டிலிருந்து வரவேண்டும். நாலு வருசத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல். கட்டணமே இல்லாத பட்டத்துக்கு.

பத்து லட்சத்தைக் கண்டு பயந்து போகாமல் விடச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கோ என்கிறோம். உங்கள் புள்ளிக்கு ஒரே பாடநெறி இரண்டு இடத்தில் எட்டுமென்றால், ஒன்று வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரமென்றால், அந்தத் தூரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. விடுதி எத்தனை வருசம் தருவார்கள்? பல இடங்களில் முதலாம் வருசத்துக்கும் கடைசி வருசத்துக்கும்தான். நடுவில் இரண்டு வருசம் வெளியே வாடகை. கைநூலில் இருக்கிற வருசத்தில் பட்டம் முடிகிறதா, இல்லை ஐந்தரை ஆகிறதா? 2022 ஆம் ஆண்டுப் பரீட்சையை 2023 ஜனவரியில் எழுதின பிள்ளைகளுக்குத் தெரியும், இந்த நாட்டில் வருசங்கள் எப்படிக் கரைகின்றன என்று. இதையெல்லாம் கைநூல் சொல்லாது. அந்தப் பீடத்தில் இப்போது மூன்றாம் வருசம் படிக்கிற ஒரு அக்காவோ அண்ணாவோ சொல்லுவார்கள்.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. "வீட்டுக்குக் கிட்டப் படி" என்று நாங்கள் எழுதினால் அதை முதலில் பிடித்துக்கொள்வது பெண் பிள்ளைகளை வெளியே விட விருப்பமில்லாத வீடுகள்தான் என்றார்கள் எங்கள் தோழிகள். உண்மை. மகன் மாத்தறைக்குப் போகலாம், மகள் மட்டும் பக்கத்தில் படிக்க வேணும் எண்டால் அது சிக்கனக் கணக்கு இல்லை, வேறு கணக்கு. தூரப் போவதற்கு ஒரு பெறுமதி உண்டு என்பதையும் நாங்கள் மறுக்கவில்லை. ருகுணையிலோ சப்ரகமுவவிலோ நாலு வருசம் இருந்தவர்கள் சிங்களம் பேசப் பழகி, சிங்கள நண்பர்களோடு ஒரே கோப்பையில் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். அதை எந்த ரியூசனிலும் வாங்க முடியாது. ஆகவே எங்கள் முடிவு இதுதான்: தூரமோ கிட்டவோ, முடிவு படிக்கப் போகிறவருடையதாக இருக்க வேண்டும். காசுக் கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிப் போடப்பட வேண்டும்.

மொழியையும் யோசியுங்கோ. விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம், முகாமைத்துவம் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். முதலாம் வருசம் விரிவுரை விளங்காமல் தடுமாறினவர்கள் எங்களில் நிறையப் பேர். ரிசல்ட்டுக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் நடுவில் கிடைக்கிற மாதங்களைச் சும்மா விடாமல் ஆங்கிலத்துக்குக் குடுத்தால் அது பெரிய இலாபம்.

இனி, இடம் கிடைக்காதவர்கள். தகுதி பெறுகிறவர்களில் பெரும்பான்மையானோருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. அந்த வெற்றிடத்துக்குள்தான் ஏஜென்சிகள் வருகின்றன. ரிசல்ட் வந்த கிழமையே போன் வரும். "இஞ்ச இருந்துகொண்டே வெளிநாட்டு டிகிரி, மூண்டு வருசம், தவணையில கட்டலாம்." எல்லாம் பொய் என்று சொல்ல மாட்டோம். நல்ல தனியார் நிறுவனங்களும் உண்டு. ஆனால் கையெழுத்துப் போட முதல், பட்டம் தரப்போகிற பல்கலைக்கழகம் மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிற ஒன்றா என்று நீங்களே பாருங்கோ. ஏஜென்சி காட்டுகிற பத்திரம் போதாது. மருத்துவம் என்றால் மருத்துவச் சபை ஏற்குமா, பொறியியல் என்றால் பொறியியலாளர் நிறுவனம் ஏற்குமா என்பது தனிக் கேள்வி.

அதற்கும் முதல், அரசிடமே இருக்கிற மற்றக் கதவுகளைத் தட்டிப் பார்த்தீர்களா? 1980 இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கண்டியிலும் நிலையங்கள் இருக்கின்றன. கட்டணம் உண்டு, ஆனால் வேலை செய்துகொண்டே படிக்கலாம். உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை, சம்மாந்துறை என்று எங்கள் பக்கமே இருக்கின்றன. கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் போன்ற துறைகளில் முழுநேர உயர் தேசிய டிப்ளோமா. ஆசிரியராக விருப்பமென்றால் கோப்பாய், வவுனியா, தாழங்குடா, அட்டாளைச்சேனை, பத்தனை கல்வியியற் கல்லூரிகள். கைவினைத்திறன் உள்ளவர்களுக்கு தேசிய தொழிற்தகைமை வழியாக இரத்மலானை தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரைக்கும் ஏறிப் போக ஒரு பாதை இருக்கிறது. இவற்றைச் சொன்னால் வீட்டில் முகம் சுழிப்பார்கள். "கம்பஸ் இல்லையோ?" என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஒரு பேர் வேணும் என்பதற்காகப் பத்துப் பதினைந்து லட்சம் கடன்படுவதைவிட, அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம்.

பிள்ளைகள் மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது. விடுதி கட்டாமல் அனுமதி எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது, மகாபொலவை மாதக் கணக்கில் பிந்திக் குடுப்பது, பகிடிவதை பயத்தில் பிள்ளை கம்பஸையே விட்டுவிட்டு வருவது, இவையெல்லாம் இலவசக் கல்வியின் விலையை எங்கள் வீடுகளில் ஏற்றுகிறவை. பகிடிவதைக்கு எதிரான சட்டம் 1998 இலேயே வந்துவிட்டது. இன்னும் அம்மாக்கள் பயந்துகொண்டுதான் அனுப்புகிறார்கள். இதைக் கேட்க வேண்டியது உள்ளே போகிற எங்கள் வேலையும்தான்.

பாடசாலைகளிடமும் ஒன்று கேட்கிறோம். ரிசல்ட்டுக்குப் பிறகு 9ஏ, 3ஏ எடுத்த பிள்ளைகளுக்கு மாலை போடுகிற விழாவோடு, ஒரே ஒரு நாள் பட்டியல் எழுதுகிற வகுப்பு வையுங்கோ. பழைய மாணவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள். நாங்களும் வருவோம்.

இந்த முறை விண்ணப்பிக்கிற தம்பி தங்கச்சியளுக்கு: கைநூலைப் பிரியுங்கோ. உங்கள் மாவட்டத்தின் போன வருச வெட்டுப்புள்ளிகளைப் பக்கத்தில் வையுங்கோ. ஒரு கொப்பியில் விருப்ப ஒழுங்கில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாதச் செலவைப் போடுங்கோ. அம்மா அப்பாவோடு இருந்து கதையுங்கோ. ஒரு இரவு வைத்திருந்து அடுத்த நாள் திரும்ப வாசியுங்கோ. பிறகு கொமியூனிகேஷனுக்குப் போகலாம். அண்ணை "என்ன போடுறது?" என்று கேட்கும்போது அந்தக் கொப்பியை நீட்டுங்கோ.