வார்டுக்கே ஒரு பாஸ்வேர்ட் போதுமா?

இன்னைக்கு மருந்து பத்தி இல்ல, கம்ப்யூட்டர் பத்தி. ஆனா நோயாளி சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

நான் முன்னாடி வேலை பார்த்த அரசு மருத்துவமனை வார்டுல எல்லாமே பழைய கம்ப்யூட்டர். டிஸ்சார்ஜ் சம்மரி பாதி அடிக்கும்போது கரண்ட் போகும், அடிச்சதும் போகும். கம்ப்யூட்டர் பார்க்குற தம்பி யுபிஎஸ் இருக்குற ரூம்ல ஒரு லினக்ஸ் சர்வர் வச்சார். வார்டு பெட்டிகள்ல எக்ஸ்டூகோ போட்டார். புரோகிராம் ஓடுறது சர்வர்ல, நம்ம மேசைக்கு வர்றது திரை மட்டும். கரண்ட் வந்ததும் மறுபடி உள்ளே போனா விட்ட வரியிலேயே நிக்கும். அருமையான ஏற்பாடு.

கெடுத்தது நாங்க. எல்லாருக்கும் 'வார்டு'ன்னு ஒரே பேர், ஒரே பாஸ்வேர்ட். மானிட்டர் ஓரத்துல பிளாஸ்டர் ஒட்டி அதுல எழுதியிருந்தோம். எழுதினது என் கையெழுத்து!

ஒருநாள் ஒரு அம்மாவோட சம்மரியில இன்சுலின் 10 யூனிட்டுக்குப் பதிலா 100. சிஸ்டர் பார்த்துட்டாங்க, தப்பிச்சோம். யார் அடிச்சது? லினக்ஸ்ல 'லாஸ்ட்'னு ஒரு கட்டளை போட்டா யார், எப்போ, எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து உள்ளே வந்தாங்கன்னு காட்டும். எங்களுக்கு வரிசையா 'வார்டு, வார்டு, வார்டு'.

இதுக்கு நடுவுல வீட்ல இருந்து பார்க்கணும்னு சர்வரை இன்டர்நெட்டுக்குத் திறக்கச் சொன்னோம். ஒரே ராத்திரியில 'ரூட்', 'அட்மின்'னு பேர் போட்டுப் பார்த்த தோல்வி லாகின் பக்கம் பக்கமா. எந்த ஊர் ரோபோவோ! யூரின் கதீட்டர் மாதிரிதான். தேவைன்னா போடணும், ஆனா அது கிருமிக்கும் வழி. 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டு, பல நாள் ஓபி சீட்டு முதல் எல்லாம் கையால எழுதினாங்க.

எக்ஸ்டூகோ போறது எஸ்எஸ்எச் வழியா. பாஸ்வேர்டை வழியில ஒட்டுக்கேட்டுத் திருடின சம்பவத்துக்கு அப்புறம் 1995-ல பின்லாந்துல டாட்டு இலோனன் எழுதினது அது. வழி பூட்டியிருக்கு. ஆனா சாவியைப் பிளாஸ்டர்ல எழுதி ஒட்டினா எஸ்எஸ்எச் என்ன பண்ணும்?

"டூட்டி அவசரத்துல ஆளுக்கொரு லாகினா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான், முதல் வாரம் நானே முணுமுணுத்தேன். வார்டுக்குள்ள அவங்கவங்க பேர், அவங்கவங்க பாஸ்வேர்ட். வெளியில இருந்து வந்தா பாஸ்வேர்டே செல்லாது, சொந்த லேப்டாப்ல இருக்குற கீ ஃபைல் மட்டும். இதை வார்டு கம்ப்யூட்டர்ல போட்டு வைக்கக் கூடாது, வச்சா மறுபடி பொதுச் சாவிதான். வேலை மாறிப் போறவங்க கீயை அன்னைக்கே சர்வர்ல இருந்து எடுத்துடணும். உள்ளே போக எனக்கு இப்போ பத்து செகண்ட் கூட ஆகுது. ஆகட்டும்.

உங்க ஆபீஸ், பள்ளிக்கூடம், கிளினிக்லயும் இப்படி ஒரே லாகின்தானா? நேத்து ராத்திரி உள்ளே இருந்தது யார்னு நாளைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.