தளர்ந்த கைகளைப் பார்த்துச் சிரிப்பதா?

2024 நவம்பர் 15 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஆர்லிங்டனில் மைக் டைசன் மேடை ஏறியபோது அவருக்கு வயது 58. எதிரே நின்ற ஜேக் பாலுக்கு 27. யூடியூபில் பெயர் சம்பாதித்துவிட்டுக் குத்துச்சண்டைக்கு வந்தவர். எட்டு ரவுண்டு முடிந்தபோது, டைசன் வீசியதில் வெறும் 18 குத்துகளே எதிராளி மேல் பட்டதாகக் கணக்குச் சொன்னார்கள். மூன்று நடுவர்களும் பாலையே வெற்றி பெற்றவராக அறிவித்தார்கள். பொழுது விடிவதற்குள் கையுறையைக் கடித்தபடி நின்ற டைசனும் கால் நகராத டைசனும் உலகமெங்கும் கேலிப் படங்களாகிவிட்டார்கள். சமூக வலைதளங்களில் யாரும் எதையும் செய்வார்கள். விளையாட்டைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டதுதான் நமக்கு வேதனை.

டைசன் புனிதர் அல்ல. 1992-இல் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்றவர். 1997-இல் போட்டியின் நடுவே எதிராளி எவாண்டர் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தவர். அவற்றைப் பற்றி எவ்வளவு கடுமையாகவும் எழுதலாம்; எழுதத்தான் வேண்டும். ஆனால் அன்றைய மேடையில் சிரிப்புக்கு இலக்கானது அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. வயதாகிப்போன உடம்பு. அதே ஆண்டு மே மாதம் வயிற்றுப்புண் தீவிரமாகி, ஜூலையில் நடக்கவேண்டிய போட்டியே தள்ளிப்போயிருந்தது. எட்டு முறை ரத்தம் ஏற்றியதாகவும் சாவின் விளிம்புவரை போய் வந்ததாகவும் போட்டி முடிந்தபின் அவரே எழுதினார்.

வயதான கிரிக்கெட் வீரர் பூஜ்யத்தில் அவுட் ஆனால் அவருக்குப் போவது மானம் மட்டும்தான். அதைக் கிண்டலாக எழுதினால் அவரும் மறுநாள் படித்துவிட்டுச் சிரிக்கலாம். குத்துச்சண்டையில் தளர்ச்சி என்றால் மூளை வாங்கும் அடி. தொடர்ந்து தலையில் குத்து வாங்கியவர்களின் தள்ளாட்டத்துக்கும் மந்தமான அசைவுகளுக்கும் மூளைக் காயமே காரணம் என்று நியூஜெர்சி மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதினார். அப்படியிருந்தும் நாக்குக் குழறும் பழைய பாக்சரை சினிமாவும் மேடையும் கேலிப் பாத்திரமாகவே வைத்துக்கொண்டிருந்தன. நோயின் அறிகுறியைப் பார்த்து ரசித்திருக்கிறோம்.

அதனால் தளர்ந்த வீரனைப் பற்றி மரியாதையாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நல்லதா? இல்லை. அதுவும் தீங்குதான். முகமது அலியின் கதையே சாட்சி.

1980-இன் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு அவர் ஆடிய காட்சிப் போட்டிக்குக் கூட்டம் திரண்டது. எம்.ஜி.ஆரோடு அவர் நிற்கும் படத்தை இன்றும் பத்திரிகைகள் எடுத்துப் போடுகின்றன. முந்தைய ஆண்டே ஓய்வு அறிவித்துவிட்ட மனிதர் அவர். ஆனால் அதே 1980 அக்டோபர் 2-ஆம் தேதி, 38 வயதில், லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸின் எதிரே நின்றார்.

அந்தப் போட்டிக்கு முன் அலி எடையைக் குறைத்தார், நரைத்த முடிக்குச் சாயம் பூசினார். மெலிந்த உடம்பைப் பார்த்துப் பழைய அலி வந்துவிட்டார் என்று எழுதியவர்கள் உண்டு. அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் அறிக்கைகளை அனுப்பியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாததால் 1977-லேயே விலகிப் போயிருந்தார். மேயோ மருத்துவமனையின் பரிசோதனையில், ஒற்றைக் காலில் எதிர்பார்த்த அளவு துள்ள முடியவில்லை, விரலால் மூக்கைத் தொடும்போது சற்றே தவறுகிறது என்றெல்லாம் பதிவாகியிருந்தது. இருந்தும் நெவாடா மாநிலம் உரிமம் கொடுத்தது.

பத்து ரவுண்டுகள் அடி வாங்கினார் அலி. ஒரு காலத்தில் அவருக்கே பயிற்சித் துணையாக இருந்த ஹோம்ஸ், போட்டியை நிறுத்தச் சொல்லி நடுவரைப் பார்த்தார். பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ 'போதும்' என்று முடித்துவைத்தார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். குத்தியவருக்கு இருந்த கூச்சம், அரங்கத்தின் முதல் வரிசையில் பேனாவோடு உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கவேண்டாமா?

அதோடும் விடவில்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கோடு மோதவிட்டார்கள். ரவுண்டை அறிவிக்க முறையான மணிகூட இல்லாமல், மாட்டின் கழுத்தில் கட்டும் மணியை அடித்து நடந்த போட்டி அது. 1984-இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

நையாண்டிக்கு ஏராளமான இடம் இங்கே இருக்கிறது. மேயோ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உரிமத்தில் கையெழுத்துப் போட்டவர்களைக் கிழித்திருக்கலாம். ஒப்பந்தத்தில் 80 லட்சம் டாலர் என்று சொல்லிவிட்டு, பத்து லட்சத்துக்கும் மேல் குறைத்துக் கொடுத்த போட்டி அமைப்பாளர் டான் கிங்கைக் கிழித்திருக்கலாம்; அந்தப் பணத்துக்காக அலி வழக்குப் போடவேண்டியிருந்தது. டைசன் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிட ரவுண்டை இரண்டு நிமிடமாக வெட்டினார்கள். 10 அவுன்ஸ் கையுறைக்குப் பதில் கனமான 14 அவுன்ஸ் கையுறை மாட்டினார்கள். வழக்கமான போட்டியை இந்த மனிதரால் தாங்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். தெரிந்தும் அதை முறையான தொழில்முறைப் போட்டியாகவே டெக்சஸ் அதிகாரிகள் பதிவு செய்தார்கள். 6 கோடி வீடுகளில் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் பெருமையோடு அறிவித்தது. கேலிச்சித்திரக்காரர்களின் கோடுகள் இவர்கள் முகத்தைத் தேடிப் போகவே இல்லை.

குத்துச்சண்டை வீரர்களே ஒருவரையொருவர் கேலி செய்கிறவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஜோ ஃபிரேசரை அலி கொரில்லா என்றே ஏசினார். அது ஃபிரேசரைக் கடைசிவரை உறுத்தியது. அலி உச்சத்தில் இருந்தபோது அந்தக் கொடுமைக்காக அவரை யாரும் எழுத்தால் குத்தியிருந்தால் நாம் கைதட்டியிருப்போம். பதில் சொல்ல அவருக்கு அப்போது வாயும் இருந்தது, கையும் இருந்தது. வலு இருக்கும் காலத்தில் புகழ்ந்து தள்ளிவிட்டு, வலு போன பிறகு வீரம் காட்டுகிற எழுத்தை எப்படி ஏற்பது?

அலியுடனும் ஃபிரேசருடனும் மோதிய ஜெர்ரி குவாரியின் முடிவு இன்னும் கொடியது. 1992-இல் 47 வயதில் கொலராடோ மாநிலத்தில் மீண்டும் மேடை ஏறினார். அன்று அந்த மாநிலத்தில் குத்துச்சண்டையைக் கட்டுப்படுத்த ஆணையமே கிடையாது. மூளை பாதிக்கப்பட்டிருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆறு ரவுண்டு அடி வாங்கியதற்குக் கிடைத்த கூலி 1,050 டாலர். அதன்பின் உடையணியவும் உணவு உண்ணவும் பிறர் உதவி தேவைப்படும் நிலைக்குப் போனார். 1999-இல், 53 வயதில், இறந்துபோனார்.

இனியும் பழைய சாம்பியன்கள் மேடைக்கு இழுத்துவரப்படுவார்கள். 6 கோடி வீடுகளின் கணக்கைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். நம் விளையாட்டு எழுத்தாளர்களிடம் கேட்பது இதுதான். அந்த வீரரைப் பரிசோதித்த மருத்துவர் என்ன எழுதினார், உரிமத்தில் கையெழுத்துப் போட்டது யார், வேறு எந்த மாநிலம் மறுத்தது, டிக்கெட் பணம் யார் பைக்குப் போகிறது என்று தேடி எழுதுங்கள். அதை எவ்வளவு காரசாரமான நையாண்டியாக எழுதினாலும் இந்த இதழில் பக்கம் ஒதுக்கத் தயாராக இருக்கிறோம்.