வீராங்கனைகளின் தோற்றத்தை வைத்து முத்திரை குத்துவதைக் கண்டிக்கிறோம்

கண்டன அறிக்கை

பாய் கட் வெட்டி, டிராக் பேன்ட் போட்டு வளாகத்தில் நடமாடும் கபடி வீராங்கனைகளை மட்டும் ஒரு கல்லூரி விடுதி தனித்தனி அறைகளுக்கு மாற்றியிருக்கிறது. "உங்கள் பெண்ணின் போக்கு சரியில்லை" என்று பெற்றோரையும் வரவழைத்துப் பேசியிருக்கிறது. இச்செயலை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

அந்த மாணவிகள் 'அப்படிப்பட்டவர்கள்' அல்ல என்று சான்று கொடுக்க இந்த அறிக்கையை வெளியிடவில்லை. முடியையும் நடையையும் பார்த்து ஒரு பெண் யாரை விரும்புகிறாள் என்று சொல்லிவிட முடியாது. பின்னல் போட்டுப் பூ வைத்த பெண்ணும் இன்னொரு பெண்ணை நேசிக்கலாம். கிராப் வெட்டியவள் ஆணை நேசிக்கலாம். யாரை நேசித்தாலும் அது குற்றமல்ல. ஊகித்ததும் தவறு, அதற்காகத் தண்டித்ததும் தவறு.

அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ரீனி போர்ட்லண்ட், தன்பாலீர்ப்புப் பெண்களுக்குத் தம் அணியில் இடமில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தவர். 2005இல் நீக்கப்பட்ட வீராங்கனை ஒருவர், 'பெண்மை'யாகத் தோன்றும்படி தம்மை வற்புறுத்தியதாகவும் தன்பாலீர்ப்பாளர் என்று சந்தேகித்தே வெளியேற்றியதாகவும் வழக்குத் தொடுத்தார். தாம் தன்பாலீர்ப்பாளர் அல்ல என்றும் சொன்னார். 2006இல் பல்கலைக்கழகம் பயிற்சியாளருக்கு 10,000 டாலர் அபராதம் விதித்தது. 2007இல் அவர் பதவி விலகினார். இந்த முத்திரைக்கு எந்தப் பெண்ணும் தப்ப முடியாது என்பதற்கு அந்த வழக்கே சாட்சி.

தன்பால் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை முயற்சிகளை 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடைசெய்தது. கல்வி நிறுவனங்களில் விழிப்புணர்வு ஏற்படுத்தவும் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்போது உத்தரவிட்டார். அதன் பிறகும் மாணவிகளைக் 'கவுன்சலிங்' என்ற பெயரில் மிரட்டுவதை ஏற்க முடியாது.

எங்கள் கோரிக்கைகள்:

1. மாணவிகளுக்குப் பழைய அறைகளைத் திருப்பித் தந்து, நிர்வாகம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.
2. முடி, உடை, நடை பற்றிய பேச்சு அணித் தேர்வில் இடம்பெறக் கூடாது.
3. மாணவியின் சம்மதமின்றி, அவரது பாலீர்ப்பு குறித்த ஊகத்தைப் பெற்றோர் உட்பட யாரிடமும் சொல்லக் கூடாது.
4. விடுதிக் காப்பாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் உரிய பயிற்சி தர வேண்டும்.

இதே நிலையில் உள்ள வீராங்கனைகள் தயங்காமல் சங்கத்தை அணுகலாம். சட்ட உதவி செய்வோம்; பெயரை வெளியிட மாட்டோம். கோரிக்கைகள் ஏற்கப்படாவிட்டால் சங்கம் நீதிமன்றத்தை நாடும்.

இவண்,
மாநிலச் செயற்குழு