செக் ஒன்று திரும்பி வந்தால்...

"நேர்மையாக வியாபாரம் செய்பவன் நஷ்டப்படுகிறான், ஏமாற்றுபவன் முன்னேறுகிறான்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். இன்று அதை நான் ஏற்பதில்லை.

காரணம், எனது மகன் கணனியில் காட்டிய ஒரு விளையாட்டு. 'பைதன்' மொழியில் எழுதப்பட்ட 'அக்செல்ரொட்' என்ற இலவச நிரல் தொகுதி அது. அதிலுள்ள 200க்கும் மேற்பட்ட தந்திரங்களில் விரும்பிய இரண்டை மோதவிட்டுக் கணக்குப் பார்க்கலாம். இருவரும் நேர்மையாக நடந்தால் ஆளுக்கு 3 புள்ளி. ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு 5, மற்றவருக்குப் பூச்சியம். இருவரும் ஏமாற்றினால் ஆளுக்கு 1.

200 சுற்று ஓடவிட்டோம். ஏமாற்றுவோர் இருவருக்கும் ஆளுக்கு 200. நேர்மையாளர் இருவருக்கும் ஆளுக்கு 600!

அமெரிக்கப் பேராசிரியர் றொபர்ட் அக்செல்ரொட் இப்படியான போட்டியொன்றை நடத்தி, 1980 இல் முடிவை வெளியிட்டார். நிபுணர்கள் அனுப்பிய 14 தந்திரங்களில் வென்றது அனடோல் ரபபோர்ட் அனுப்பிய மிக எளிய ஒன்று: முதலில் நேர்மையாக நட, பிறகு மற்றவர் கடைசியாகச் செய்ததையே நீயும் செய். எப்போதும் ஏமாற்றுபவனிடம் அது 199க்கு 204 எனத் தோற்கும். ஆனாலும் எல்லோருடனும் கொடுத்து வாங்கிய மொத்தக் கணக்கில் அதுவே முதலிடம்.

அதிலும் ஓர் ஆபத்து உண்டு. இந்தத் தந்திரக்காரர் இருவரில் ஒருவர் தவறுதலாக ஒருமுறை பிசகினால் போதும், மாறி மாறிப் பழிவாங்கல்தான். 3 கிடைத்த இடத்தில் சராசரி 2.5 ஆகிவிடும்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பல வருட வாடிக்கையாளர் ஒருவரின் செக் திரும்பிய அன்றே நான் சரக்கை நிறுத்தினேன். அவர் பழைய பாக்கியை நிறுத்தினார். அவருக்கு வரவேண்டிய செக் திரும்பியதுதான் காரணம் எனப் பின்னர் அறிந்தேன். அதற்குள் அவர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

மருந்தும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஏமாற்றத்துக்கு மூன்றில் ஒரு தடவை மன்னிக்கும் தந்திரம், தவறுகள் நேரும் இடத்தில் உறவைக் காப்பாற்றுகிறது. எப்போதும் மன்னிப்பவனோ ஏமாற்றுபவனிடம் 200 சுற்றிலும் பூச்சியமே பெறுகிறான்; எதிராளிக்கு 1000!

ஒரு தடவை வந்து போகிறவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது; அவரிடம் காசுக்கே விற்போம். நிரந்தர வாடிக்கையாளரின் செக் திரும்பினால், சரக்கை நிறுத்துமுன் தொலைபேசியை எடுங்கள். காரணத்தைக் கேளுங்கள், தவணை கொடுங்கள். அதுவும் தவறினால் நிறுத்துங்கள். நான் அன்று அந்த ஓர் அழைப்பை எடுக்கவில்லை.