மஸ்ஜித் இந்தியா வாழும் ஊராகவே இருக்க வேண்டும்

ஞாயிறு விடிந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து கார்கள் கோலகுபுபாருவை நோக்கிப் புறப்படுகின்றன. ஆற்றில் படகு விடவும், மலைப்பாதையில் ஏறவும், பழைய கடைத்தெருவில் காலாற நடக்கவும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். 1883இல் அணை உடைந்து பழைய கோலகுபு சீரழிந்தது. 1920களில் நகரமைப்பாளர் சார்ல்ஸ் ரீட் புதிய ஊரைத் தோட்ட நகராகத் திட்டமிட்டார். வரலாறும் பசுமையும் சேர்ந்த சிற்றூரில் வாழக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அங்கே போய்த் திரும்புகிறவர்கள் சொல்கிறார்கள்.

அதே மக்கள் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவுக்கும் வருகிறார்கள். துணியும் பூவும் பலகாரமும் வாங்கிக்கொண்டு, வாகன நிறுத்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்த வட்டாரத்துக்கும் ஆறு உண்டு, காடு உண்டு, திடல் உண்டு, நூறாண்டு கடந்த தெருக்கள் உண்டு. எல்லாமே நடந்து போகும் தூரம்தான். ஆனால் இதை ஓர் ஊராக யாரும் நடத்துவதில்லை. கடைவீதியாகவும் சுற்றுலாத் தலமாகவும் மட்டுமே பார்க்கிறார்கள். இந்தப் பார்வை மாற வேண்டும். இங்கே குடியிருப்பவர்களை முதலில் வைத்தே மஸ்ஜித் இந்தியாவின் மேம்பாடு திட்டமிடப்பட வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

கோலாலம்பூர் பிறந்த இடமே இதுதான். 1857இல் ஈயம் தேடிக் கிள்ளானிலிருந்து ஆற்று வழியே வந்தவர்கள், கோம்பாக்கும் கிள்ளானும் கூடும் இடத்தில்தான் கரையேறினார்கள். அந்தக் கூடுதுறையில் ஆர்தர் பெனிசன் ஹபக் வடிவமைத்த மஸ்ஜித் ஜாமெக் 1909இல் திறக்கப்பட்டது. வட்டாரத்துக்குப் பெயர் தந்த இந்தியப் பள்ளிவாசல் 19ஆம் நூற்றாண்டில் மரக் கட்டடமாக எழும்பி, 1960களில் இன்றைய உருவத்தைப் பெற்றது. அங்கே வெள்ளிக்கிழமைப் பேருரை தமிழில் ஒலிக்கிறது. சற்றுத் தள்ளி லெபோ அம்பாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. இந்த வரலாற்றை உண்டாக்கியவர்கள் கடைக்கு மேலே குடியிருந்து, கடைக்கு முன்னே பிள்ளைகளை விளையாடவிட்டு, ஆற்றங்கரையில் பேசிப் பழகிய மனிதர்கள்.

ஆற்றின் இன்றைய நிலையைப் பார்ப்போம். 4.4 பில்லியன் ரிங்கிட் மதிப்பில் அறிவிக்கப்பட்ட 'வாழ்வின் நதி' திட்டத்தில், நகர நடுவே 10.7 கிலோமீட்டர் ஆற்றோரத்தை அழகுபடுத்தும் பணி சேர்ந்திருந்தது. 2017இல் மஸ்ஜித் ஜாமெக்கின் பின்புறம் நீல விளக்கும் பனிப்புகையுமாகக் கூடுதுறை திறக்கப்பட்டது. முன்பு கான்கிரீட் சுவருக்குப் பின்னால் ஒளிந்து கிடந்த ஆறு மீண்டும் மக்கள் கண்ணில் பட்டது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இரவில் படம் எடுக்க வருபவருக்கு விளக்கு போதும். மேல்மாடியில் குடியிருக்கும் மூதாட்டிக்கு மாலையில் உட்கார நிழலும் இருக்கையும் கழிப்பறையும் வேண்டும். பள்ளிப் பிள்ளைக்குச் சைக்கிள் ஓட்ட இடம் வேண்டும். கலங்கலாக ஓடும் நீர் தெளிய வேண்டும். மேலே ஒளியூட்டிவிட்டு, கடைகளின் கழிவும் எண்ணெயும் கீழே ஆற்றில் கலப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால், செலவான பணத்துக்குப் பொருளே இல்லை.

காடும் தொலைவில் இல்லை. 1906இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட புக்கிட் நானாஸ், ஒன்பது ஹெக்டேருக்கும் சற்று கூடுதலான பரப்பில் மாநகரின் நடுவே இன்றும் நிற்கிறது. உயர்ந்த மரங்களுக்கிடையே தொங்கு நடைபாதையும் அங்கு உண்டு. உலகில் எத்தனை தலைநகரங்களுக்கு இப்படி ஓர் இயற்கைக் காடு வாய்த்திருக்கிறது? ஆற்றைக் கடந்தால் டத்தாரான் மெர்டேக்கா திடல். அதற்கும் அப்பால் 1880களில் உருவாகத் தொடங்கிய ஏரிப் பூங்கா. இவற்றையெல்லாம் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து எட்டிப்பிடிக்க முடியாதபடி அகலச் சாலைகள் குறுக்கே நிற்கின்றன. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஜாலான் துன் பேராக்கைக் கடந்து பார்த்தவருக்கு அது தெரியும். நடைபாதை ஓரிடத்தில் உடைந்திருக்கிறது, இன்னோரிடத்தில் மோட்டார்சைக்கிள் நிற்கிறது, வேறோரிடத்தில் முடிந்தே போகிறது. காட்டையும் ஆற்றையும் திடலையும் இணைத்து, மர நிழலோடு ஒரே தொடர் நடைபாதை அமைக்கப் புதிய நிலம் எதையும் வாங்க வேண்டியதில்லை. சாலையின் ஓரத்தை நடப்பவருக்கு விட்டுக்கொடுக்கும் மனம் இருந்தால் போதும்.

நடைபாதை என்றதும் 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதியை நாம் மறந்துவிட முடியாது. ஆந்திரப் பிரதேசத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண், ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடந்து போகையிலேயே நிலம் அமிழ்ந்து எட்டு மீட்டர் ஆழத்தில் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 28ஆம் தேதி, சுமார் ஐம்பது மீட்டர் தள்ளி இன்னொரு குழி விழுந்தது. கூட்டம் நெருக்கித்தள்ளும் தெரு வெறிச்சோடியது. வியாபாரிகள் பல வாரம் வருமானமின்றித் தவித்தனர். கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை மீது அமைந்தது. அந்தப் பாறையில் நீர் அரித்து வெற்றிடம் உண்டாவது இயல்பு. அதன் மேல் பழைய கழிவுநீர்க் குழாய்களும், அதற்கும் மேல் உயரக் கட்டடங்களும். எந்தத் தெருவின் அடியில் எத்தகைய ஆய்வு நடந்தது, எங்கே குழாய் மாற்றப்பட்டது, எங்கே ஆபத்து மிச்சமிருக்கிறது என்ற விவரம் ஒவ்வொரு கடைக்காரருக்கும் குடியிருப்பாளருக்கும் எளிதில் கிடைக்க வேண்டும். காலடி நிலத்தை நம்ப முடியாத இடத்தில் திறந்தவெளி வாழ்க்கையைப் பற்றிப் பேசுவது வீண்.

அடுத்தது வீடு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம், 2000 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அதன் விளைவை நாடே பார்த்தது. தலைமுறைகளாகக் கடைவீடுகளில் இருந்த குடும்பங்கள் வாடகை தாங்காமல் வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி வந்த பிறகு, பல வீடுகள் தங்குவிடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. சுவருக்குப் புதுச் சாயம் வந்தது. உள்ளே இருந்தவர்கள் போய்விட்டார்கள். மஸ்ஜித் இந்தியாவுக்கும் அந்தக் கதி நேரக் கூடாது. 1960களில் எழுந்த சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் போன்ற அடுக்ககங்களிலும் கடைகளின் மேல்தளங்களிலும் இன்னமும் மக்கள் வாழ்கிறார்கள். சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தைப் புதுப்பிக்கும் பணியோடு பழைய கோலாலம்பூர் மீது முதலீட்டாளர்களின் கண் திரும்பியிருக்கும் இந்த நேரத்தில், இவர்களுடைய வாடகைக்கும் குடியிருப்புக்கும் பாதுகாப்பு தேடுவது அவசரப் பணி.

வியாபாரிகள் தரப்பில் நியாயமான கவலை ஒன்று உண்டு. வாகனத்தைக் கட்டுப்படுத்தினால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று அஞ்சுகிறார்கள். சரக்கு இறக்க லாரி வந்தாக வேண்டும், முதியவர்களை வாசலில் இறக்கிவிட வழி வேண்டும் என்பதும் உண்மை. காலையில் குறித்த நேரத்தைச் சரக்கு வண்டிகளுக்கு ஒதுக்கினால் அதற்கு வழி பிறக்கும். ஆனால் லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானின் சனிக்கிழமை இரவுச் சந்தையைப் பாருங்கள். வண்டிகள் விலகியதும் தெரு மனிதர்களால் நிரம்புகிறது, வியாபாரம் சூடுபிடிக்கிறது. நோன்பு மாதச் சந்தையும் அப்படித்தான். எல்ஆர்டி தடங்கள் சந்திக்கும் நிலையம் வாசலிலேயே இருக்கிறது. சோல் மாநகரில் சியோங்கியேச்சியோன் ஓடையின் மேல் கிடந்த மேம்பாலச் சாலையை இடித்து, 2005இல் ஓடையை மீட்டபோதும் அங்கிருந்த கடைக்காரர்கள் இதே அச்சத்தோடுதான் எதிர்த்தார்கள். இன்று அந்த ஓடைக்கரை நகர மக்கள் கூடும் இடம்.

இவை நடக்க வேண்டுமானால் முடிவுகள் திறந்த அவையில் எடுக்கப்பட வேண்டும். கோலாலம்பூர் மக்கள் தங்கள் மாநகர் மன்றத்துக்கு வாக்களிப்பதில்லை. டத்தோ பண்டார் நியமிக்கப்படுகிறார். ஆகவே மக்களைக் கேட்கும் கடமை மன்றத்துக்கு இரட்டிப்பாகிறது. சுமார் 130 ஆண்டுப் பழமையான ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற நிலம் 2014இல் தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2025 மார்ச்சில் அது பெரும் சர்ச்சையாக வெடித்தது. பிறகு அருகிலேயே மாற்றிடம் ஒப்புக்கொள்ளப்பட்டது. விற்பனைக்கு முன்பே வட்டார மக்களைக் கலந்து பேசியிருந்தால், யாரும் அந்த மன உளைச்சலுக்கு ஆளாகியிருக்க மாட்டார்கள். தாமதமான உடன்பாட்டைவிட முன்கூட்டிய உரையாடல் எல்லோருக்கும் நல்லது.

மாநகர் மன்றமும் கூட்டரசுப் பிரதேச அமைச்சும் செய்ய வேண்டியவை தெளிவானவை. நிலத்தடி ஆய்வின் முடிவுகளைத் தெருவாரியாக வெளியிடுக. ஆற்றையும் புக்கிட் நானாசையும் திடலையும் இணைக்கும் நிழல் நடைபாதைக்கு ஆண்டும் நிதியும் குறித்து அறிவிப்புச் செய்க. மரபுக் கட்டடத்தைப் புதுப்பிக்கச் சலுகை பெறும் உரிமையாளர், மேல்தளத்தின் ஒரு பகுதியைக் கட்டுபடியாகும் வாடகைக்கு வீடாக விட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவும். பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும் வியாபாரிகளும் குடியிருப்பாளர்களும் அமரும் நிலையான ஆலோசனைக் குழுவை அமைக்கவும்.

வியாபாரிகளுக்கும் குடியிருப்பாளர்களுக்கும் நமது வேண்டுகோள் ஒன்று உண்டு. சாக்கடையில் எண்ணெய் ஊற்றுவதையும் நடைபாதையில் சரக்கை அடுக்குவதையும் நிறுத்துங்கள். திட்ட விளக்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் போங்கள், கருத்தை எழுத்தில் கொடுங்கள். மரபு என்ற சொல்லுக்கு உயிர் தருபவர்கள் நீங்கள்தான். நீங்கள் வெளியேறிய பின் எவ்வளவு செலவழித்தாலும் இந்த ஊரை யாராலும் மீட்டுத் தர முடியாது.