பொங்கலுக்கு ஒரு கிழங்கு கொண்டு வாருங்கள்

நமது இதழில் மொழியைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பெரியவர்கள் எழுதி வருகிறார்கள். நான் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தவை தண்டவாளமும், ஓய்வுக்குப் பின் பூந்தொட்டியும்தான். ஆகவே ஒரு செடியைப் பற்றிய என் கருத்தை வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

கலேடியத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சேம்பு இலை போன்ற இலை. அதில் சிவப்பும் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் புள்ளிகள், நரம்புகள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இது சேம்பு, சேனை இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. 2020-இல் ஊரடங்கின்போது வீட்டுச் செடி மோகம் பரவியதல்லவா? அப்போது ஒரு சிறு தொட்டிக்கு என்னிடம் 600 ரூபாய் கேட்டார்கள். அந்த விலைக்கும் வாங்கினவர்கள் உண்டு. மார்கழியில் இலை பழுத்து விழுந்ததும் செடி செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, மறு ஆண்டு மறுபடியும் வாங்குகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் அதைச் செய்தவன்தான்.

1990-களில் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தபோது, என் பகுதியில் ஒரு கேட் கீப்பர் இருந்தார். அவருடைய பெற்றோர் போனக்காட்டில் தோட்டத் தொழிலாளிகள். போனக்காடு விதுராவுக்கு மேலே, அகத்தியர் மலை ஏறுகிறவர்கள் புறப்படும் இடம். வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம் அது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே லயங்களில் வாழ்ந்தன. ஒரு நாள் அவருடன் அங்கே போயிருந்தேன். லயத்து வாசலில் சிவப்புக் கலேடியம் வரிசையாக நின்றது. அவருடைய தாயார் நான்கு கிழங்கு தோண்டிப் பழைய செய்தித்தாளில் பொதிந்து கொடுத்தார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் அது அழகாக வளர்ந்தது. டிசம்பரில் இலைகள் சாய்ந்ததும், தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இரண்டு வேளையும் ஊற்றினேன். ஒரு மாதத்தில் கிழங்கு அழுகி நாற்றமெடுத்தது. அடுத்த முறை அந்த அம்மாவைப் பார்த்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அது சாகல்ல சார், உறங்கிச்சு. உறங்குற பிள்ளைக்கு யாராவது சோறு ஊட்டுவாங்களா?" என்று சிரித்துவிட்டு மறுபடியும் கிழங்கு தந்தார்.

நான் கற்ற பாடம் அதுதான். ரயில் பாதைக்கு எதிரி தேங்கும் தண்ணீர். கிழங்குக்கும் எதிரி அதுவே. பாதைக்கு அடியில் ஜல்லி போடுவது எதற்கோ, தொட்டியின் அடியில் ஓட்டையும் மண்ணில் மணலும் வைப்பது அதற்குத்தான்.

வீட்டில் பெருக்கும் முறை எளிது. இலைகள் பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரைக் குறையுங்கள். பச்சை இலையை வெட்டாதீர்கள். கிழங்குக்கு உணவு சேர்ப்பது அதுதான். இலை முழுதும் காய்ந்த பின் கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். பிறகு உலர்ந்த மணலிலோ மரத்தூளிலோ வைத்து, காற்றோட்டமான மூலையில் வையுங்கள். குளிர்பதனப் பெட்டி வேண்டாம்; அந்தக் குளிர் இதற்கு ஆகாது.

பங்குனி, சித்திரையில் கிழங்கில் முளைக்கண்கள் தெரியும். சுத்தமான கத்தியால், ஒவ்வொரு துண்டிலும் ஒன்றிரண்டு கண்கள் இருக்கும்படி வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் அடுப்புச் சாம்பல் தடவி இரண்டு நாள் காயவிட்டு, இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். முளை வரும்வரை மண் ஈரமாக இருந்தால் போதும். நடுவிலுள்ள பெரிய முளையை மட்டும் கிள்ளிவிட்டால் பக்க முளைகள் எழும்பி இலைகள் அடர்த்தியாக வரும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், சேனைக்கும் காச்சிலுக்கும் சிறு துண்டுகளை நடும் 'மினிசெட்' முறையை உழவர்களிடம் கொண்டு சென்றது. தத்துவம் இதுவேதான். விதையிலிருந்து வரும் கன்று வேறு நிறமாகப் போகலாம். கிழங்குத் துண்டு பெரும்பாலும் தாயைப் போலவே வரும்.

"பணம் கொடுத்தால் கடையில் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?" என்று என் மருமகன் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்குத் தோட்டம் என்பது எப்போதும் பாதியில் விட்டுப் போகும் பொருள். மாற்றல் உத்தரவு வந்தால் மாமரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வாடகை வீட்டில் தென்னை வைத்தால் இளநீர் அடுத்தவருக்கு. கிழங்கு அப்படியல்ல. டிரங்குப் பெட்டியின் ஓரத்தில் மூன்று மாதம் உறங்கிக்கொண்டே நம்முடன் வரும். போனக்காட்டுக் கிழங்கு என்னுடன் மூன்று குவார்ட்டர்ஸ் மாறி, இப்போது என் மகளின் அடுக்குமாடி வீட்டு பால்கனியில் இருக்கிறது. கடையில் வாங்கியது வாடினால் வேறொன்று வாங்கலாம். இது போனால் இதைத் தந்தவரிடம் போய்க் கேட்க இனி வழியில்லை. அந்த அம்மா காலமாகிவிட்டார்.

சென்ற ஆண்டு போனக்காட்டுக்குப் போயிருந்தேன். தோட்டம் முடங்கி ஆண்டுகள் பல ஆகின்றன. தேயிலைத் தொழிற்சாலை துருப்பிடித்து நிற்கிறது. பேய் பங்களா பார்க்க வந்த இளைஞர்கள் வழி கேட்டார்கள். சில குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பல லயங்களில் கூரையே இல்லை. ஆனால் பூட்டிய ஒரு வீட்டின் வாசலில், வைத்தவர்கள் இல்லாமலேயே சிவப்புக் கலேடியம் மழைக்கு முளைத்து நின்றது.

அதைப் பார்த்து மகிழ்வதா என்று எனக்குத் தெரியவில்லை. கலேடியம் நம் காட்டுச் செடி அல்ல. போனக்காடு பேப்பாறை வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய இடம். ஈரமான இடத்தில் தானே பரவக்கூடிய செடியை ஓடைக்கரையிலோ காட்டோரத்திலோ கொட்டுவது தவறு. மிஞ்சினால் மனிதருக்குக் கொடுங்கள், மலைக்குக் கொடுக்காதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: இது சமைக்கும் சேம்பு அல்ல. இதிலுள்ள ஆக்ஸலேட் ஊசிகள் வாயையும் தொண்டையையும் எரித்து வீங்க வைக்கும். தவழும் குழந்தைக்கும் நாய் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள். வெட்டிய பின் கையைக் கழுவுங்கள். கிழங்கு கொடுக்கும்போது, 'உண்ணக் கூடாது' என்று சீட்டு எழுதிக் கட்டிக் கொடுங்கள்.

முடிவாக, சங்கச் செயற்குழுவுக்கு ஒரு யோசனை. தென்மாவட்டத்தார் பொங்கலுக்கு மஞ்சள் கொத்துடன் சேனை, சேம்பு, சிறுகிழங்கு எல்லாம் வைப்போம். கலேடியம் உறங்குவதும் அதே தை மாதத்தில்தான். பொங்கல் விழாவில், சமையல் கிழங்குகளிலிருந்து தள்ளி, ஓர் ஓரமாக ஒரு மேசை போடுங்கள். இருப்பவர் ஒரு கிழங்கு கொண்டு வரட்டும், இல்லாதவர் எடுத்துச் செல்லட்டும். சீட்டில் நிறத்தோடு, யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் எழுதட்டும். நம் பிள்ளைகள் நிறத்தை மறந்தாலும் ஊரின் பெயரைப் படிப்பார்கள்.

என் பங்குக்குப் பத்துக் கிழங்குகள் தயாராக இருக்கின்றன. சீட்டில் 'போனக்காடு' என்று எழுதியிருப்பேன்.